மூன்று ஊர் விருந்து

குரிக், வியாழன்

கண்ணே அக்மரால்,

அப்பா எழுதுகிறேன். அல்மாட்டியில் நீயும் மருமகனும் சுகந்தானே? போனில் பேசலாம் என்றால் உன் அம்மா என் பக்கத்தைவிட்டு நகர்வதில்லை. அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி, மருமகனும் கூட இருக்கட்டும்.

உன் தம்பி தாஸ்தானிடமிருந்து ஒரு மாதமாகத் தகவல் இல்லையென்று நாங்கள் அவன் அறை எடுத்துத் தங்கியிருந்த அக்தாவுக்குக் கிளம்பியது உனக்குத் தெரியும். என்ன ஊரோ அது! தெருவுக்குப் பேரே கிடையாது, எல்லாம் எண்தான். துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்து உன் அம்மா, "என்னங்க இது, ஒட்டகம் தண்ணி குடிக்க வந்த மாதிரி நிக்குது" என்றாள். தம்பியின் அறைக் கூட்டாளி கெஞ்செபாய் எங்களைக் கண்டதும் ஆடு அறுத்தான். மகன் எங்கே என்றால், "முதல்ல சாப்பிடுங்கப்பா" என்றான். காலையில், "பாவுதினோவில கேட்டா தெரியும்" என்று வண்டி பிடித்துக் கொடுத்தான்.

பாவுதினோவில்தான் அவன் வேலை பார்த்த மீன்படகு நிற்கும் துறை. அங்கேயும் ஆடு. பெரிய விருந்தாளிக்குச் செய்யும் மரியாதையாக ஆட்டுத் தலையை என் முன்னால் வைத்தார்கள். படகு முதலாளியின் மனைவி உன் அம்மாவின் கையை விடவேயில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, என் பிள்ளைக்கு எவ்வளவு மதிப்புன்னு!" என்று உன் அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன். மடையன் நான். அவர்கள் எல்லாரும் என்னைவிட வயதில் சின்னவர்கள். பெற்ற தகப்பனிடம் சாவுச் செய்தியைச் சொல்ல அவர்களுக்கு எப்படி வாய் வரும்? சொந்தத்தில் மூத்தவர் இருக்கும் ஊர்வரைக்கும் சோறு போட்டுப் போட்டு எங்களை அனுப்பியிருக்கிறார்கள்.

இங்கே குரிக்கிலும் விருந்து முடிந்த பிறகுதான் உன் ஒராஸ் பெரியப்பா என்னைத் தனியாகக் கடலோரம் கூட்டிப் போனார். "தம்பி, குடுத்தவன் எடுத்துக்கிட்டான். மனசைத் தேத்திக்க" என்றார். காற்றில் படகு கவிழ்ந்துவிட்டதாம். உடல் கிடைக்கவில்லை. அழக்கூட முடியவில்லை மகளே, முகம் வீங்கினால் உன் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். அவள் நெஞ்சு ஏற்கெனவே பலவீனம். நீ வந்த பிறகு நம் வீட்டில் வைத்துச் சொல்லலாமென்று இருக்கிறேன். அதுவரை, பிள்ளை தூரக்கடலில் வேலையாக இருக்கிறான் என்று புளுகிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளி

நேற்று முடிக்காமல் வைத்துவிட்டேன். இன்று காலை உன் அம்மா, வெள்ளிதோறும் நம் வீட்டில் செய்வதுபோல, இறந்தவர்களுக்காகப் பெரியம்மாவின் அடுப்பில் ஏழு ரொட்டி பொரித்தாள். நான் ஓதினேன். என் அப்பா அம்மா, அவள் அப்பா அம்மா, எல்லார் பெயரையும் சொல்லி முகத்தைத் தடவிக்கொண்டேன். ஏந்திய கையை அவள் இறக்கவில்லை.

"ஒரு பேரை விட்டுட்டீங்க" என்றாள்.

பாவுதினோவில் அந்தப் பெண் கையைப் பிடித்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எப்படிச் சொல்றது?" என்றாள்.

இனி போனிலேயே உனக்குச் சொல்லலாம். வாய் வரவில்லை, அதனால் இதையே அனுப்புகிறேன். ரொட்டி இன்னும் தட்டில் அப்படியே இருக்கிறது. இறந்தவர்களோடு சேர்த்து அவன் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சீக்கிரம் வா மகளே. அடுத்த வெள்ளிக்கு நீ என் பக்கத்தில் உட்கார், சேர்ந்து சொல்வோம்.

நீ நூறு வயது இருக்கவேண்டும், கண்ணே. கண்டிப்பாக இருக்கவேண்டும்.

உன் அப்பா,
செரிக்பாய்