எதிர்க்கடையில் என் குரல்

மே 3, சனி

காலை எட்டுக்கே ஆரம்பித்துவிட்டாள். எதிர்க்கடை முருகேஸ்வரியின் ஒலிபெருக்கியில் கத்துவது நான்! "வாங்கக்கா, வாங்கண்ணே! அசல் மலைப்பூண்டு! கலப்படமே இல்லாத பூண்டு, மோந்து பாத்துட்டு வாங்குங்க!"

ரெண்டு பேரும் சேர்ந்து கடை நடத்தியபோது, எட்டு வருஷத்துக்கு முன்னால் பதிந்தது. பிரிந்து ஒரு வருஷமாகிறது. என் குரலை வைத்தே என் வாடிக்கையை இழுக்கிறாள். என்ன நெஞ்சழுத்தம்!

மே 4, ஞாயிறு

நல்ல கூட்டம். நாள் முழுக்க அதே சத்தம். தலைவலி.

மே 9, வெள்ளி

நானும் ஒரு ஒலிபெருக்கி வாங்கிப் பேசிப் பதிந்தேன். மகள் அப்ரின் காதைப் பொத்திக்கொண்டாள். "அம்மா, இது கூப்பிடுற மாதிரி இல்ல. சண்டைக்கு இழுக்குற மாதிரி இருக்கு."

ஐந்து தடவை மாற்றிப் பதிந்தேன். ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க எனக்கே எரிச்சல் கூடியதுதான் மிச்சம். கடைசியில் அணைத்து வைத்துவிட்டேன்.

மே 12, திங்கள்

மழை. ஆளில்லை. அந்தப் பழைய குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். 'அண்ணே' என்கிற இடத்தில் ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கிறது. பதியும்போது முருகேஸ்வரி எதிரே நின்று, பூண்டுச் சரத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி தலைகுனிந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசி முடித்தேன். ஒரே டப்பாவில் சோறு தின்ற காலம் அது. எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறேன்!

கேட்டால் முகம் தானாக இளகுகிறது. சனியன், கோபமாகக்கூட இருக்க விடமாட்டேன் என்கிறது. ஆனால் 'கலப்படமே இல்லாத' என்று வரும்போது மட்டும் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

மே 13, செவ்வாய்

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். போன சீசனில் கலந்தேன். மலையிலிருந்து சரக்கு வரவில்லை, கூட்டமோ நெரித்தது — வடநாட்டுப் பூண்டு ரெண்டு மூட்டை. "ஏண்டி மதீனா, இதுல கலந்திருக்கியா?" என்று பத்துப் பேர் பார்க்க முருகேஸ்வரி கேட்டாள். இல்லவே இல்லை என்று சத்தியம் பண்ணினேன். கேட்டவளையே பொய்க்காரி ஆக்கினேன். அன்றோடு பேச்சு நின்றது, கடையும் பிரிந்தது.

மே 17, சனி

கேட்க முடியவில்லை. நிறுத்தச் சொல்லி அப்ரினை அனுப்பினேன். முருகேஸ்வரியும் உடனே நிறுத்திவிட்டாளாம்.

மே 19, திங்கள்

எட்டு மணிக்குக் காது தானாக எதிர்க்கடைக்குப் போகிறது. நான்தானே நிறுத்தச் சொன்னேன்? பிறகு ஏன் அழுகை வருது? என்ன பொம்பள நான்?

மே 21, புதன்

போனேன். யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. அவள் கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன்: "முருகு, கலந்தது நான்தாண்டி."

அவள் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்கே தெரியும். சத்தியம் பண்ணும்போது உன் குரலு நடுங்குச்சுல்ல."

"பெறகு ஏன் என் குரலையே போட்டுக்கிட்டு இருந்த?"

"அது நீ எங்கூட இருந்தப்ப பேசுன குரலு. அதை அழிக்க மனசு வரல."

சுற்றுலா பஸ் ஒன்று வந்து நின்றது. அவளுக்குக் கை ஒழியவில்லை. வாசலில் நின்று நான் கூப்பிட ஆரம்பித்தேன். 'கலப்படமே' வரைக்கும் வந்து நின்றுவிட்டேன்.

மிச்சத்தை அவள் கூப்பிட்டாள்.