தூங்காத வண்டி

மாப்பிள்ளை,

இன்று காலை ரோட்டில் யாருடையதோ ஒரு ஆட்டோ ஸ்டார்ட் ஆகாமல் நின்றது. இரண்டு பேர் பின்னால் நின்று தள்ளினார்கள். சரிவில் உருண்டு, இருமி இருமி, வளைவு வருவதற்குள் உயிர் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டது. தேங்காய் துருவிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

சரக்கு ஏற்றுகிற உங்கள் கெப் வண்டி அப்படி உருளாது. பெட்டரியில் கரண்ட் இல்லையென்றால் அதன் கியரே அசையாது. அன்று சாந்தியும் நானும் மழையில் நின்று அதைத் தள்ளினோம். பாறையைத் தள்ளுவது போல இருந்தது. பின் சீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்த நீங்கள், "அத்தை, விடுங்க. அது போகாது" என்றீர்கள். நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

நாம் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டவர்கள் இல்லை. ஒரே வீட்டில் அத்தனை வருடம் இருந்தும், "மாப்பிள்ளை சாப்பிட்டாரான்னு கேளு" என்று மகளிடம்தான் சொல்வேன். நீங்களும் "அத்தைக்கு மாத்திரை முடிஞ்சிருச்சான்னு கேளு" என்பீர்கள். இருவரும் ஒரே அறையில்தான் இருப்போம். சாந்தி நடுவில் நின்று சிரிப்பாள். கெப் வாங்கி வந்த அன்றுதான் நீங்களாக என் பக்கம் திரும்பினீர்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சூடம் காட்டி முடித்த பிறகு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனீர்கள். கதவின் பூட்டு தானாகத் திறந்துகொண்டது.

"பாத்தீங்களா அத்தை? சாவியைக் கண்டா போதும், முழிச்சுக்கும். மாமியாரைக் கண்ட மருமகன் மாதிரி."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சிரித்தேன். நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

நம் வீடு இருக்கும் சரிவில் வண்டி நிறுத்தச் சமதரை ஏது? மண்மேட்டுக்கும் முன்னறைச் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில், கண்ணாடியை மடக்கிவிட்டு, சுவரை உரசுவது போலத்தான் நிறுத்துவீர்கள். அந்தச் சுவரின் உள்பக்கம் சாமித் தட்டு. வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவி, திருநீறு பூசி, சாவியை முருகன் படத்தின் காலடியில் வைப்பீர்கள். காலையில் கும்பிட்டுவிட்டு எடுப்பீர்கள். "சோறு போடுற சாமானை ராத்திரிக்கு சாமிகிட்ட ஒப்படைச்சுரணும்" என்று சொல்வீர்கள். உங்கள் அப்பா தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியையும் அப்படித்தான் வைத்தாராம். எனக்கு அது பிடித்திருந்தது. என் மகளுக்குச் சரியான ஆளைத்தான் பார்த்திருக்கிறேன் என்று அக்கம்பக்கத்தில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

கம்பளை டவுனில் அரிசி, பருப்பு, கருவாடு ஏற்றி, மேலே தேயிலைத் தோட்டத்துக் கடைகளுக்கெல்லாம் போட்டுவிட்டு வருவீர்கள். ஓய்வு நாள் என்று ஒன்று இருந்ததில்லை. அதனால்தான் ஒன்றும் தெரியவில்லை என்று இப்போது புரிகிறது. பெட்டரியில் இரவில் குறைந்தது பகல் ஓட்டத்தில் நிரம்பிவிட்டது.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. வந்ததும் வராததுமாகப் படுத்துவிட்டீர்கள். நாலைந்து நாள் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. கடைசி நாள் சாயந்தரம் உங்களுக்கு நடுக்கம் எடுத்தது. வண்டிக்குள் கிடந்த கம்பளிச் சட்டையை எடுக்க சாந்திதான் போனாள். மறுநாள் விடிந்ததும் நெஞ்சு வலி. ஓட்டப் பழக்கி லைசன்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தீர்களே, அவளே ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள். உள்ளே விளக்குகள் துடித்தன. டிக் டிக் என்றது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை.

பெரிய ரோட்டில் இருந்து ஆட்டோ பிடித்து வர எவ்வளவு நேரமானது என்று எனக்குக் கணக்கில்லை. ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர், கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே என்றார். நல்ல மனுஷன், ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் உங்கள் அம்மா நின்றிருந்தார்.

கருமாதியன்று கடுகண்ணாவையில் இருந்து வந்த உங்கள் சொந்தமெல்லாம் கூடியிருந்தபோது சம்பந்தியம்மா சொன்னார்: "மொத நாள் சாயந்தரம் வண்டியைத் தொறந்தது இவதான். கதவை ஒழுங்கா சாத்தி உள்ள லைட்டு அணைஞ்சிருந்தா பெட்டரி செத்திருக்காது, என் புள்ள இன்னைக்கு இருந்திருப்பான்."

உங்கள் மகள், எட்டாம் வகுப்பில் முதலாவதாக வருகிற என் பேத்தி, அப்பாயியின் மடியில் சாய்ந்தபடி அதைக் கேட்டாள். அன்றில் இருந்து தலையணையை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்துவிட்டாள். அம்மா கேட்டால் "ம்" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

சாந்தி அடுப்படியில் நின்று என்னையே கேட்பாள். "நான் சாத்தினேனாம்மா? சட்டையைக் கையில வச்சிருந்தேன். மழை பெஞ்சிச்சு. சாத்தின ஞாபகமே இல்லையே." ஒரு நாளில் எத்தனை தரம் கேட்டாள் என்று சொன்னால் உங்களுக்கு வலிக்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் என் மகள் மேல் யாரோ வீசிய பழி உண்மையா பொய்யா என்று தெரியாமல் படுத்து எழும்புகிறவள் இல்லை. கம்பளையில் வாகன வயரிங் வேலை பார்க்கிற முஸ்லிம் ஆள் ஒருவருக்குச் சொல்லி அனுப்பினேன், எல்லோரும் நானா என்று கூப்பிடுகிறவர். உங்களுக்குத் தெரிந்தவர்தான், நாற்பது வயதுக்குள், வாய் ஓயாத ஆள். வயரைப் போட்டு அவருடைய வண்டியில் இருந்து கரண்ட் கொடுத்து கெப்பை எழுப்பினார். நானும் கூட ஏறிக்கொண்டேன். முன் சீட்டில், உங்கள் இடத்துக்குப் பக்கத்தில், முதல் முறையாக உட்கார்ந்தேன்.

கடையில் அவர் வேலை செய்ததை முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணாடிகளை இறக்கிவிட்டார். பொனட்டைத் திறந்து வைத்துவிட்டு, அதன் கொக்கியை மட்டும் திருப்புளியால் அமுக்கிப் பூட்டினார். மூடியிருக்கிறது என்று வண்டி நினைக்க வேண்டுமாம். சாவியைக் கடைக்குள்ளே தூரத்தில் மாட்டிவிட்டு வந்தார். பெட்டரிக்கும் வயருக்கும் நடுவில், எவ்வளவு கரண்ட் போகிறது என்று காட்டும் மீட்டரைக் கோத்தார்.

"இனி யாரும் தொடக் கூடாது அம்மா. இந்தக் கால வாகனம் ஓப் பண்ணின ஒடன தூங்காது. உள்ளுக்கு சின்னச் சின்ன கம்பியூட்டர் ஈக்கி. எல்லாம் ஒண்டொண்டா படுக்கணும். அதுக்குப் பொறகு மீட்டர் சொல்றதுதான் உண்மை."

"கதவு திறந்து கிடந்திருந்தால்?" என்று கேட்டேன்.

"அந்த வெளக்கு கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சிரும். ஒரு ராவுல பெட்டரியைத் தின்னாது."

அந்த வார்த்தைக்கே அவர் கையைப் பிடிக்கலாம் போல இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மீட்டரில் எண் இறங்கி, ஒன்றுமில்லை என்கிற அளவுக்கு வந்து நின்றது. வண்டி தூங்கிவிட்டது. வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். பழைய பெட்டரி அடியோடு இறங்கியதில் கெட்டுப்போயிருந்தது, புதியது போட்டு அனுப்பினார். இந்தச் செய்தி கடுகண்ணாவைக்குப் போனதும் சம்பந்தியம்மா போன் எடுத்தார். "பாத்தீங்களா? வண்டியில குத்தமில்லையாம். அப்ப யாருல குத்தம்?"

தேடப் போய் நானே என் மகளை இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டது போல ஆயிற்று.

அதன் பிறகு வண்டியை யாரும் தொடவில்லை. ஒரு வாரம் போல நின்றிருக்கும். வாங்கலாமா என்று பார்க்க வந்த ஒருவர் பட்டனை அழுத்தினால், மறுபடி அதே டிக் டிக். புதுப் பெட்டரி! கதவைத் திறந்தவர் யாரும் இல்லை. வந்தவர் ராசியில்லாத வண்டி என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். எனக்கோ உள்ளுக்குள் ஒரு வெளிச்சம். சாந்தி இல்லை. வேறு ஏதோ இருக்கிறது.

நானா ரோஷத்தோடு வந்தார். "என்ட கையில இருந்து போன வாகனம் திரும்பி என்னைக் கூப்பிட்டதே இல்ல" என்றார். சுவரோரம் நின்ற இடத்திலேயே வைத்துப் பார்க்கச் சொன்னேன். பெட்டரிக்கு உயிர் கொடுத்துவிட்டு, அதே மாதிரி கொக்கி, அதே மாதிரி மீட்டர். காத்திருந்தோம். தேத்தண்ணி குடித்தோம். எண் இறங்கவில்லை. கொஞ்சம் இறங்கும், திடுக்கிட்டது போல ஏறும். காய்ச்சல் பிள்ளை தூக்கத்தில் விழித்து விழித்து அழுவது போல.

"கடையில தூங்கின வாகனம் இங்க ஏன் தூங்குதில்ல?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு நின்றவர், சட்டென்று கேட்டார். "சாவி எங்க அம்மா?"

"சாமிகிட்ட" என்றேன்.

"சாமி எங்க?"

சுவரைக் காட்டினேன். அவர் கையை நீட்டி அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வண்டியைத் தொட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

சாவியை எடுத்துக்கொண்டு கீழே ரோடு வரைக்கும் போய் நிற்கச் சொன்னார். போனேன். காத்திருந்தேன். மேலே இருந்து, "எறங்குது, எறங்குது" என்று குரல் வந்தது. திரும்பி வரச் சொன்னார். சாவியை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் வந்து நின்றேன். மீட்டரை என் கண்ணாலேயே பார்த்தேன். எண் குதித்து ஏறியது. மறுபடி இறங்கிப் போய் மறுபடி வந்தேன். மூச்சு வாங்கியது, ஆனாலும் விடவில்லை. என் மடியில் இருக்கும் சாவி பக்கத்தில் வந்தால் வண்டி விழித்துக்கொள்கிறது. இரவெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த சாவியோடு அது பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. நீங்கள் எப்போது வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஓடும் நாளில் அது தெரியவில்லை. நீங்கள் படுத்த நாலைந்து நாளில் முழுதாகக் குடித்துவிட்டது.

நானா சாமான்களை எடுத்து வைத்தார். "எல்லா வாகனமும் இப்பிடி இல்ல. இந்த வாகனம் இப்பிடி. சாவியைத் தூரத்துல வைங்கம்மா" என்றார்.

நான் உள்ளே போய் முகம் கழுவி நல்ல சேலை உடுத்தினேன். கடுகண்ணாவைக்குப் போய், சம்பந்தியம்மாவின் முன்னால் நின்று, கூட்டத்தில் சொன்னதைக் கூட்டத்திலேயே திருப்பி வாங்க வைக்க வேண்டும் என்று நெஞ்சு துடித்தது. வாசலில் சாந்தி நின்றாள். நான் ஏறி இறங்கியதை எல்லாம் அவள் பார்த்திருக்கிறாள்.

"எங்கம்மா போறீங்க?"

"உன் மேல இருக்கிற பழியைத் தொடைக்க."

"யார் மேல போடப் போறீங்க?"

யார் மேலும் இல்லை, சாவி மேல் என்றேன். மாப்பிள்ளை தெரியாமல் செய்தது, சாமிக்குச் செய்தது, அதில் யாருக்கு என்ன குறை என்றேன்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை. "அன்னைக்கு அவர் காய்ச்சலோட வந்து அப்படியே படுத்துட்டாரும்மா. கைகால்கூட கழுவல. 'சாமிகிட்ட வச்சிரும்மா'ன்னு சாவியை புள்ள கையிலதான் குடுத்தாரு. வச்சது அவ."

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவ என்னைக் கோவிச்சுக்கட்டும்மா. பரவால்ல. நான் தாங்குவேன். அவ தன் கையையே பாத்துக்கிட்டு உக்காரக் கூடாது."

யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். ரோட்டில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்த நானாவிடம் ஓடிப்போய் ஏதோ சொன்னாள். அவர் திரும்பி வந்து, சாவியைப் பிளந்து, உள்ளே இருந்த பொட்டு மாதிரியான சின்னப் பெட்டரியைக் கழற்றிவிட்டு மூடினார். இன்னொரு சாவி அலுமாரியில் இருந்தது. அது இப்போது அடுப்படியில், வீட்டின் மறுகோடியில், தகர டப்பாவுக்குள் இருக்கிறது. சாந்தி அதைத்தான் எடுத்துப் போகிறாள். ஆமாம் மாப்பிள்ளை, வண்டியை விற்கவில்லை. தோட்டத்துக் கடைகளுக்கு அவளே சரக்குப் போடுகிறாள். பேத்தி சாயந்தரம் விளக்கேற்றிவிட்டு, உயிரில்லாத அந்தச் சாவியைத் துடைத்து, முருகன் காலடியில் நேராக வைக்கிறாள். அப்பா மாதிரியே வைக்கிறாள்.

போன வாரம் உங்கள் வருஷத் திதி. சம்பந்தியம்மா வந்திருந்தார். இலையில் உட்கார்ந்து இரண்டு வாய் வைத்ததும் அழுகை வந்துவிட்டது. அவரும் பெற்றவர்தானே. அழுகையோடு அதே பேச்சும் வந்தது. அந்தக் கதவை மட்டும் சாத்தியிருந்தால்.

சாந்தி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றுவதை நிறுத்தாமலே, "ஆமா அத்தை. என் தப்புதான்" என்றாள்.

பேத்தி நிமிர்ந்து தன் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். என் நாக்கு நுனியில் எல்லாம் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை போதும், என் மகள் நிமிர்ந்துவிடுவாள். அந்த வார்த்தையில் என் பேத்தி விழுந்துவிடுவாள். சோற்றை மென்றேன். விழுங்கினேன்.

இந்தப் பிள்ளை பெரிய படிப்புப் படிக்கும். இந்த வண்டிகள் எப்படித் தூங்கும், எப்படி விழிக்கும் என்று ஒரு நாள் தானாகவே தெரிந்துகொள்ளும். அந்த நாள் வரும்போது நான் இருக்கமாட்டேன், சாந்தி இருக்க வேண்டும். அதுவரை என் மகள் செய்யாத குற்றத்துக்குக் குற்றவாளியாகவே இருக்கப் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு இருக்கும் வேலை. தலை நிமிர்ந்தே பழகியவளுக்கு அது எவ்வளவு பாரம் என்று உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். உங்களிடம் சொல்லக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கவில்லை.

அத்தை