பத்து விநாடியில் முப்பத்துநான்கு

இன்று காலை உரும்பிராயில் எங்கள் முற்றத்தில் நெல் அளந்தார்கள். அண்ணை முதற் கொத்து நெல்லை அளந்து சாக்கில் கொட்டி, வழக்கம்போல ஒன்று என்னாமல் "லாபம்" என்றார். பிறகு இரண்டு, மூன்று. சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கை நழுவிவிட்டது. நெல் சிந்தியதற்கு அண்ணை ஏசினார். நான் உன்னை நினைத்துக்கொண்டு நின்றேன்.

இங்கே பக்கத்துத் திருநெல்வேலி வளாகத்தில் மருத்துவம் படிக்க வந்து நீயும் நானும் ஒரே அறையில் இருந்தோம். இருநூற்றிருபதிலிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு வரும் என்று உடற்றொழிலியலில் படித்த கிழமையே உன்னை மைதானத்தில் ஓடவிட்டேன். உனக்கு வயது இருபத்தொன்று. நூற்றுத் தொண்ணூற்றொன்பது வரவேண்டும். மயிலிட்டியில் வலை இழுத்து வளர்ந்த நீ, வளாகத்தின் ஐந்து மைல் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாய்.

ஓடி முடித்ததும் உன் மணிக்கட்டை நான் பிடிப்பேன். நீ உன் கழுத்தில் விரல் வைப்பாய். பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்குவோம். நீ எண்ணினால் முப்பத்துமூன்று, நான் எண்ணினால் முப்பத்துநான்கு. உன் கணக்கில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. என் கணக்கில் இருநூற்று நான்கு. மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்தேன், மூன்று நாளும் இதே கூத்து.

"உன்ரை விரலிலைதான் பிழை மச்சான், என்ரை நெஞ்சிலை இல்லை" என்று நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தில் இருந்தது வெறும் சராசரி, நல்ல இதயமும் அதைத் தாண்டும் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

"ஓடாதை. ஏதோ கோளாறு இருக்குது" என்றேன்.

"ஓம், நீ சொன்னால் விடுறன்."

விட்டாய். போட்டியை மட்டுமல்ல, தினமும் ஓடுவதையே விட்டாய்.

அடுத்த விடுமுறையில் கடலில் உங்கள் வள்ளம் கவிழ்ந்தது. "கன தூரம் நீந்தினவன், தம்பி. கரை தெரியேக்கை சத்தமில்லாமல் தண்ணிக்குள்ளை தாண்டுபோனான்" என்று உன் சித்தப்பா சொன்னார். உன் நெஞ்சில் கோளாறு இருந்தது, நான் சரியாகத்தான் கண்டேன் என்று இரண்டு வருடமாக என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இன்று அண்ணையின் லாபத்தைக் கேட்டதும் அதுவும் போய்விட்டது. கடிகாரத்தைத் தொடக்கிய கணத்துத் துடிப்பை நீ பூச்சியம் என்று விட்டாய். நான் வீட்டுப் பழக்கத்தில் மனத்துக்குள் லாபம் என்று சொல்லி அதையும் முதல் எண்ணாகச் சேர்த்திருக்கிறேன்.

தொடர்ந்து ஓடியிருந்தால் உன் மூச்சு கரைவரைக்கும் தாங்கியிருக்குமா? அல்லது நெஞ்சில் உண்மையிலேயே ஏதாவது இருந்ததா? பிழையாக எண்ணியும் சரியைத்தான் சொன்னேனா? ஒன்றும் விளங்கவில்லை, மச்சான். பயமாக இருக்கிறது.

நாளை ஆஸ்பத்திரியில் நாடி பார்க்கவேண்டும். பூச்சியத்தில்தான் தொடங்குவேன். ஆனால் வாய் முந்திக்கொள்ளும், எனக்குத் தெரியும். லாபம் என்று வந்தவுடன் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். உன் கையைப் பிடித்தபோது மட்டும் அப்படி மறுபடி எண்ணவில்லை.