மீன் கழுவிய தண்ணீர்

லிம் சூ காங்
28.2.1983

அன்புள்ள சம்சு,

டீச்சரிடம் ஒரு சின்ன நீல நோட்டு இருக்கிறது. அவர் சொல்வதை நாங்கள் எழுதுவதில்லை. நாங்கள் சொல்வதை அவர் எழுதிக்கொள்கிறார். முதலில் என் கண்ணில் பட்டது இதுதான்.

நீ வீடு மாறிப் போனபிறகு வந்த செய்தி இது. சமூக மன்றத்தில் ஞாயிறுதோறும் வீட்டுத் தோட்ட வகுப்பு. சிவகாமசுந்தரி டீச்சர் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் இறங்கிவிடுவார்.

நேற்று, பக்கத்து வீட்டு அல்போன்சம்மாள் அத்தை, "மிளகாய்க்கு மீன் கழுவுன தண்ணி ஊத்துங்க டீச்சர், கொத்துக் கொத்தா காய்க்கும் லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "எவ்வளவு ஊத்துவீங்க? எத்தனை நாளைக்கு ஒரு தடவை?" என்று கேட்டு, அத்தையின் பெயரோடு எழுதிக்கொண்டார். "நம்ம பாத்தியிலயே ஊத்திப் பார்ப்போம்" என்றார். அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஆறாம் வகுப்போடு நின்ற என்னிடம் எதுவும் கேட்டுவிடுவாரோ என்று தலையைக் குனிந்துகொள்கிறேன். கேட்டால் நன்றாயிருக்கும் என்றும் தோன்றுகிறது.

பாத்திக்குத் தண்ணீர் ஊற்றும் முறை அடுத்த வாரம் எனக்கு.

உன் அருள்ஜோதி

லிம் சூ காங்
14.3.1983

அன்புள்ள சம்சு,

பாத்தியில் முப்பது மிளகாய்க் கன்றும் கருகிவிட்டன. நான்தான்.

தவக்காலம் அல்லவா, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் கோயிலில் எல்லாருக்கும் கஞ்சி. அதற்காக எங்கள் வீட்டில் ஐந்து கிலோ கருவாடு ஊறப்போட்டிருந்தோம். கருவாடும் மீன்தானே என்று அந்தத் தண்ணீரை இரண்டு வாளி சுமந்துபோய் ஊற்றினேன். உப்பு நினைவுக்கே வரவில்லை.

நேற்று டீச்சர் மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு" என்றார். "அல்போன்சா, உன் மீன் தண்ணி பண்ணின வேலையைப் பாரு!" என்று எல்லாரும் அத்தையைப் பிடித்துக்கொண்டார்கள். டீச்சரோ, "அவங்களைச் சொல்லாதீங்க. சரியா விசாரிக்காம ஊத்தச் சொன்னது நான்" என்றார். அத்தை எழுந்தார். "என் பேரை அந்த நோட்டுல அடிச்சுடுங்க டீச்சர். இனிமே நான் வரல" என்று போய்விட்டார்.

டீச்சர் அடிக்கவில்லை. பென்சிலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் வாய் திறக்கவே இல்லை, சம்சு.

அருள்ஜோதி

புக்கிட் பாத்தோக்
17.3.1983

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

ஸலாம். இங்கே ஒன்பதாம் மாடி. மண்ணை மிதித்து இரண்டு மாதமாகிறது. பால் டின்னில் மல்லி விதைத்தேன். மூன்று முளை வந்தது. ரபியா அக்கா அதையும் பிடுங்கி ரசத்தில் போட்டுவிட்டாள். நீ முப்பது கன்றைக் கொன்றுவிட்டு அழுகிறாய்!

பேச வராவிட்டால் போகட்டும். எனக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறாயே, அந்த நீல நோட்டில் ஒரு வரி எழுதினால் கையைக் கடித்துவிடுமா? உன் தப்புக்கு அத்தை ஏனடி வீட்டில் உட்கார வேண்டும்?

தேக்கா சந்தையிலிருந்து வாப்பா வாங்கி வந்த மிளகாய் விதை இத்துடன்.

சம்சுன்னிசா

லிம் சூ காங்
21.3.1983

அன்புள்ள சம்சு,

நேற்று அத்தையின் நாற்காலி காலியாக இருந்தது. முன்னால் போனேன். நோட்டைக் கை காட்டினேன். டீச்சர் பென்சிலையும் சேர்த்துக் கொடுத்தார்.

"கருவாடு ஊறிய தண்ணீர், இரண்டு வாளி. ஊற்றியது அருள்ஜோதி. அல்போன்சம்மாள் சொன்னது பச்சை மீன் கழுவிய தண்ணீர்" என்று எழுதினேன்.

திட்டட்டும் என்று நின்றேன். டீச்சர் படித்தார். "எத்தனை கிலோ கருவாடு? எவ்வளவு நேரம் ஊறிச்சு?" என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல, என் பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டார், அத்தையிடம் கேட்டு எழுதியது போலவே.

உன் விதையை அவர் கையில் கொடுத்தேன். நோட்டை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு, அத்தை வீட்டு வாசலில் போய் நின்று, அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தேன்.

உன் அருள்ஜோதி