நூறு மில்லிவாட்டுக்கு மேல்

நிலா, மூணாம் குவாரி. நாள் 212, 09:10
நிலையத்துக்குள்ள இருந்து எழுதுறது ஜெபக்கனி, ரேடியோ வேலை. வெளிய நிக்கிறது இருளப்பன் அண்ணன், ஆறு தோண்டுற மிஷினுக்கும் மேஸ்திரி. இங்க நாங்க ரெண்டே பேர். ஆறும் ஒழுங்கா ஓடுது. மேட்டுக் கம்பத்துல இருக்கிற வைஃபை அடாப்டர்தான் உயிரை வாங்குது. அண்ணன் பள்ளத்துல இறங்கினா குரல் அறுந்துபோகுது. பவர் இருபது டிபிஎம், அதாவது நூறு மில்லிவாட். முப்பது, அதாவது ஒரு வாட், கேட்டேன். அடாப்டரை ஓட்டுற லினக்ஸ் சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. இருபதுலயே உக்காந்திருக்கு.

10:25
காரணம் கிடைச்சுது. நாட்டுக் குறியீடு பூஜ்யம் பூஜ்யம்னு கிடக்கு. எந்த நாடுன்னு தெரியலன்னா எல்லாச் சட்டத்துக்கும் அடங்கின பவரைத்தான் தருமாம். நிலாவுல எவன் சட்டம்? ஒரு வாட் அனுமதிக்கிற நாடு ஒண்ணோட ரெண்டெழுத்தைக் குடுத்தேன். முப்பது ஏறிடுச்சு.
"பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு கனி."
எனக்குப் பெருமை தாங்கல.

11:02
"கனி, நாலாம் நம்பர் நிக்கல. என்மேல வருது."
ஆள் போட்டிருக்கிற விண்வெளி சூட் அனுப்புற சிக்னல் கேட்டா முப்பது அடியிலயே மிஷின் நிக்கணும். இது நிக்கல. அவர் இடது காலை முழங்கால் வரைக்கும் அரைச்சுடுச்சு. அலறினது அத்தனையும் துல்லியமா கேட்டேன். சூட் தொடையில தானா இறுகி அடைச்சதால உயிர் இருக்கு.

11:09
புரிஞ்சுபோச்சு. அவர் சூட் அனுப்புறது பத்து மில்லிவாட். அதே சேனல்ல என் கம்பம் ஒரு வாட்டுல கத்துது. மிஷினுக்கு என் கத்தல்தான் கேக்குது, அங்க ஆளே இல்லன்னு நினைச்சுத் தோண்டுது. பாவி, நான் பண்ணின வேலை. உடனே இருபதுன்னு அடிச்சேன். கட்டளை கம்பத்துக்குப் போகல. ரெண்டாம் நம்பர் மிஷின் வந்து நிலையத்து ஆன்டெனாவை இடிச்சுத் தள்ளிட்டுப் போயிருக்கு. கம்பத்து அடாப்டரை உடைக்கச் சுத்தியலை எடுத்துக்கிட்டு வெளிய போறேன். இனி சூட்டுல பேசிப் பதியுறேன்.

11:31
ரெண்டாம் நம்பர் குறுக்க வந்து என்னை அடிச்சுது. சூட் கிழியல, உள்ள தோள் எலும்பு நொறுங்கிடுச்சு. வலது கை தொங்குது. இடது கையால அடாப்டரை அடிச்சேன், அடிச்சேன், சனியன் தூளாகிற வரைக்கும் அடிச்சேன். கத்தல் அடங்கினதும் சூட் சிக்னல் கேட்டு, எங்க பக்கத்துல இருந்த ரெண்டாம் நம்பரும் நாலாம் நம்பரும் ஒரே நேரத்துல நின்னுச்சு.

11:48
அண்ணன்கிட்ட வந்துட்டேன். நாலாம் நம்பர் ஒரு சுத்து போய்த் திரும்பி வந்து ஒழுங்காத்தான் நிக்குது, வெட்டுச் சக்கரத்தை அவர் வயித்து மேல வெச்சுக்கிட்டு. ஆள் சிக்னல் கேட்டுக்கிட்டே இருக்கிற வரைக்கும் அசையாது, தூக்கவும் தூக்காது. கையால தூக்குற லிவர் மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடக்கு. அவருக்குக் காத்து ஆறு நிமிஷம்தான்.
"ரெண்டு சூட் ரேடியோவையும் அணைச்சிரு கனி. கிளம்பும்போது சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கும். அந்த நேரத்துல இழுத்துரு."
"தூக்காம அப்படியே சுத்தினா, அண்ணே?"
"உன் கை சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்கு. அதைப் பாத்துக்க."

11:53
இதைக் கேக்குறவங்களுக்கு: என் ரேடியோவை அணைச்சா இந்தப் பதிவும் நின்னுடும். இருபதுக்கு மேல ஏத்தினது நான்தான், அவர்மேல தப்பில்ல. அவர் ரேடியோவை அணைச்சிட்டேன். இனி அவர் பேசினாலும் எனக்குக் கேக்காது. கண்ணாடிக்குள்ள வாய் அசையுது, என்ன சொல்றார்னு தெரியல. இடுப்பு வாரைப் பிடிச்சிருக்கேன். ஒத்தைக் கைதான். இப்ப என்னோடதை