ஜப்பான் தண்ணீர் சௌல்தாரிக்கு வந்த நாள்

சௌல்தாரி
அந்தமான்
17.3.2011, வியாழக்கிழமை

அன்பு மகள் அமிர்தவல்லிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் கோயமுத்தூரில் நோய் நொடி அண்டாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நடமாடுகிறோம், சாப்பிடுகிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நேற்றிலிருந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இது நாலாவது. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். சனிக்கிழமை நீ அவரிடம், ஏம்பா இப்படி மானத்த வாங்குறீங்க, புத்தி கித்தி கலங்கிப் போச்சா என்று கத்தியது தள்ளி நின்ற எனக்கே கேட்டது. அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார். உன்மேல் குற்றமில்லை. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பக்கம் குடியிருக்கும் உன் சிநேகிதி ஷீலாவுக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா பள்ளிக்கூடத்துக்குள் புகுந்தார், ஒரு பிள்ளையின் கை ஒடிந்தது, போலீஸ் ஜீப் வந்தது, அவ்வளவுதான். அதைத்தான் அவள் உனக்குச் சொல்லியிருப்பாள். நடந்ததை நடந்தபடி நான் எழுதுகிறேன், பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்து படி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா பாக்குத் தோட்டத்து வேலையை முடித்துவிட்டு முனியாண்டி கடையில் டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். டிவியில் ஜப்பானைக் காட்டினார்கள். நீயும் பார்த்திருப்பாய், அந்தக் கறுப்புத் தண்ணீர் வயல் மேல் ஊர்ந்து வந்ததையும் வீடுகளும் கார்களும் அதில் நெற்றுத் தேங்காய் மாதிரி மிதந்து போனதையும். கடையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் டம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். அண்ணே, அது ஜப்பானுண்ணே, நம்ம ஊரு இல்லண்ணே என்று முனியாண்டி தெருவரைக்கும் கத்திக்கொண்டே வந்தாராம். இவர் திரும்பவில்லை. நேரே பள்ளிக்கூடம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த நேரம். மணியைப் போட்டு அடித்து, பானி ஆ ரஹா ஹை, தண்ணி வருது, ஊப்பர் சலோ, எல்லாரும் மேல ஏறுங்க என்று சத்தம் போட்டிருக்கிறார். பெரிய பிள்ளைகள் முழித்துக்கொண்டு நின்றார்கள், டீச்சர்கள் ஓடிவந்து பிடிப்பதற்குள் சின்னதுகள் எல்லாம் எச்சில் கையோடு அவர் பின்னால் ஓடிவிட்டன. அங்கே சமைக்கிற ஒச்சம்மாவை உனக்குத் தெரியும், கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் நம் லயத்து வீட்டு வரிசைக்கு அடுத்த வரிசை, சுனாமியில் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். அவள் எதையும் கேட்கவில்லையாம். கரண்டியைப் போட்டுவிட்டு இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவளும் ஏறிவிட்டாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்து அப்பா திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு ஆள் வந்து சொல்லி நான் மூச்சு வாங்க ஓடிப்போய்ப் பார்க்கும்போதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார். நான் கையைப் பிடித்து, வாங்க, கீழ போவோம், ஒண்ணுமில்ல என்றேன். என்னை யாரோ மாதிரி பார்த்தார். பிள்ளைகள் பயந்து அழுகின்றன, கீழே தாய்மார்கள் கூச்சல் போடுகிறார்கள், அந்த நேரத்தில் எனக்கு இருந்தது வெட்கம் மட்டும்தான் அமிர்தம், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஏறும்போது ஒரு சின்னப் பெண் வழுக்கி விழுந்து அதற்கு முழங்கைக்குக் கீழே ஒடிந்துபோனது. பெயர் ரீனா, இரண்டாம் வகுப்பு, ஒரு பெங்காலி கான்ட்ராக்டரின் மகள். அவர்தான் போலீசுக்குச் சொன்னது. ஜீப்பில் அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அடிக்கவில்லை, திட்டவுமில்லை, டீ வாங்கிக் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டு பொழுது சாய்வதற்கு முன் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, நாப்பதா நாப்பத்தொண்ணா என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நானும் போனேன். நூறு பேருக்குக் குறையாது. ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர், ஆனால் அன்றைக்கு அவர் முகமும் கடுகடுவென்று இருந்தது. ஜப்பான் எங்கே, சௌல்தாரி எங்கே, டிவியில் படம் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை மலையில் ஏற்றுவீர்களா, நாளைக்கு இன்னொருவர் வேறொன்றைப் பார்த்துவிட்டு வருவார், அதனால் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுங்கள் என்றார். அப்பா எழுந்து முதலில் ரீனாவின் அப்பாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எழுதித் தரேன் சார் என்றார். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. அது ஜப்பானுன்னு எனக்குத் தெரியும் சார், ஓடும்போதே தெரியும், ஆனா காலு நிக்கல, சுனாமி அன்னைக்கு நான் எம்புள்ளய மேல ஏத்தல சார், கீழ அனுப்பினேன் என்றார். ஹிந்தியில் பாதி தமிழில் பாதியாகத்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒச்சம்மா மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

உனக்கு இது இப்போது புரியாது. உனக்கு நாங்கள் வேறு கதை சொல்லியிருக்கிறோம். மதுரையில் நர்சிங் படிப்பை விட்டுவிட்டு, கப்பல் பிடித்து, பதினைந்து நாள் கழித்து நீ போர்ட் பிளேர் முகாமுக்கு வந்து, சுதா எங்கம்மா என்று என் தோளை உலுக்கினாயே, அப்போது நான் சொன்னேன், உன் தங்கச்சி தூங்கிட்டு இருந்தாடி, தூக்கத்திலயே போயிட்டா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது என்று. அது பொய். சுனாமி அன்றைக்கு விடியற்காலை கச்சாலில் பூமி ஆடியதும் நாங்கள் மூன்று பேரும் வெளியே ஓடி வந்துவிட்டோம். லயத்துச் சுவர் இடிந்து என் கால் மேல் விழுந்தது, அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய் ரப்பர் மரங்களுக்கு நடுவில் மேட்டில் உட்கார வைத்தார். சுதா எங்களோடுதான் நின்றாள். உயிரோடு, முழுசாக, உன் பழைய பச்சைத் தாவணியைப் போர்த்திக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அப்பாவுக்கு அந்தக் குடும்ப அட்டை ஞாபகம் வந்தது. இலங்கையிலிருந்து வரும்போது கொடுத்தது. அது இல்லாவிட்டால் நாம் எந்த நாட்டுக்காரர் என்று கேட்பார்கள், கப்பலில் ஏற்றி அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பயம். வீடு இடியுது, பெட்டி நசுங்கிடும், ஓடிப்போய் அட்டைய எடுத்துட்டு வா என்று அவளை அனுப்பினார். நான் நகர முடியாமல் கிடந்தேன், என்னை விட்டுவிட்டு அவர் போக முடியாது, அவளோ பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயிப்பவள். நானும் தடுக்கவில்லை அமிர்தம். என் தங்கச் சங்கிலியும் அந்தப் பெட்டியில்தான் என்று ஒரு எண்ணம் எனக்கும் ஓடியது. அவள் போனாள், தண்ணீர் வந்தது. பிறகு தகரக் கொட்டகை கொடுத்தார்கள், அரிசி கொடுத்தார்கள், இந்த வீடு கொடுத்தார்கள். அந்த அட்டை எங்கே என்று இன்றைக்கு வரைக்கும் ஒருத்தரும் எங்களைக் கேட்கவில்லை.

கூட்டம் எப்படி முடிந்தது என்று சொல்ல மறந்துவிட்டேன். முடியவேயில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கான்ட்ராக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஹெட்மாஸ்டர் தண்ணீர் குடித்தார், போய் வாங்க என்றார். செவ்வாய்க்கிழமை வழியில் பார்த்தபோது, மன்னிப்புக் கடிதம் வேண்டாம், கான்ட்ராக்டர் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார் என்று என்னிடம் சொன்னார். ஆனால் அப்பாவுக்கு அது காதில் ஏறவில்லை. தினமும் பழமோ பப்பாளியோ எடுத்துக்கொண்டு ரீனாவைப் பார்க்கப் போகிறார். அந்தப் பெண்ணின் அம்மா கேட்டிலேயே வாங்கிக்கொள்கிறாள், உள்ளே வா என்று கூப்பிடுவதில்லை, போ என்றும் சொல்வதில்லை. அங்கிருந்து டீக்கடைக்குப் போய் ஜப்பானைப் பார்க்கிறார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பெற்றவர்கள் நின்று பிள்ளைகளைத் தேடுவதைக் காட்டினார்களாம், அதை வந்து என்னிடம் சொல்கிறார். அந்த ஜனங்களின் பாஷை தெரியாது, பேர் தெரியாது, ஆனால் அவர்கள் சோறு தின்றார்களா என்று எனக்கும் அடுப்படியில் நிற்கும்போது நினைப்பு ஓடுகிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. மாப்பிள்ளையிடம் சொல், லீவுக்குக் குழந்தையைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப் போக வேண்டாம். பாப்பாவுக்குப் பல் முளைக்கிற நேரம், காய்ச்சல் வரும், பயப்படாதே. நீ வேலைக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே.

இவ்வளவும் எழுதி முடித்துக் கடிதத்தை மடிக்கப் போனேன். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்து, அதையும் எழுதிட்டியா என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். படி என்றார். சுதாவைப் பற்றிய இடத்தை மட்டும் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, அதுல ஒண்ணு விட்டுப்போச்சு, அவ போகமாட்டேன்னா என்றார். எனக்குப் புரியவில்லை. வேணாம்பா, கடல் ரொம்ப தூரம் உள்ள போயிருச்சு, பாருங்க, பயமா இருக்குன்னா, நான்தான் கைய ஓங்கி, சொன்னதச் செய்டின்னு விரட்டுனேன், நீ கால் வலியில கத்திட்டிருந்த, உனக்குக் கேக்கல என்றார். ஆறு வருஷமாக ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிறோம் அமிர்தம், இதை இன்றைக்குத்தான் கேட்கிறேன். எழுது, அவளுக்குத் தெரியட்டும், அதுக்கப்புறமும் அப்பான்னு கூப்பிடணும்னு தோணுனா கூப்பிடட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். நீ அவரை மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, நானே இன்னும் என்ன செய்வதென்று தெரியாமல்தான் இருக்கிறேன். இன்றைக்குச் சாயங்காலம் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், பக்கத்தில் உட்கார்ந்தேன், இப்போதைக்கு என்னால் முடிந்தது அதுதான்.

நீ மஞ்சள் குங்குமத்தோடும் மாப்பிள்ளை நீண்ட ஆயுளோடும் பாப்பா பத்துத் தலைமுறை பார்த்தும் வாழ எங்கள் குலசாமி துணையிருக்கட்டும். கடிதம் கப்பலில் வந்து சேர எத்தனை நாளாகுமோ தெரியாது. கிடைத்து வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் பண்ணு. திட்டுவதானாலும் பரவாயில்லை, பண்ணு. நான் எடுக்க மாட்டேன். அவர் எடுக்கும் வரைக்கும் அடித்துக்கொண்டே இரு.

உன் அம்மா
வெ. பொன்னம்மா