மைனாவுக்கு வைத்த சோறு

சளி பிடித்திருக்கிறது. கொதிக்கிற தண்ணீரில் நீலகிரித் தைலம் நாலு சொட்டு விட்டு ஆவி பிடித்தேன். அந்த வாடைக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. "பேர்தான் நீலகிரி, மரம் எங்க ஊருது" என்று ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதியிருந்தாயே. அப்போது நீ போய் ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை, அதற்குள் எங்க ஊர்!

இங்கே காக்ஸ் டவுனில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்து, ஒரே பள்ளியில் டீச்சர் வேலையும் பார்த்தோம். தொண்ணூறுகளில் நீ வீட்டுக்காரரோடு கிளம்பிப் போனாய். அங்கே உனக்கு முதலில் கிடைத்த துணை, துணி காயப்போடும் கம்பியில் வந்து உட்கார்ந்த மைனா. நம் ஊர்க் குரலைக் கேட்டு அழுதுவிட்டதாக எழுதினாய். தினமும் அதற்கு ஒரு பிடி சோறு வைத்தாய்.

பக்கத்து வீட்டு அம்மாள் வேலியோரம் வந்து, வைக்காதே என்றாளாம். எந்தக் காலத்திலோ கப்பலில் கொண்டுவந்து விட்ட பறவை, இந்த மண்ணின் கிளிகளைப் பொந்திலிருந்து துரத்துகிறது என்றாளாம். உனக்குச் சுருக்கென்றிருக்கிறது. எனக்கு உன்னைவிடக் கோபம். இன்னும் ரெண்டு பிடி சேர்த்து வை என்று பதில் போட்டேன்.

அடுத்த கடிதத்தில் நீ மாறியிருந்தாய். அந்த அம்மாள் உன்னைத் தைலமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறாள். பொந்தை மைனா பிடித்துக்கொண்டு, கிளியின் முட்டைகளைக் கீழே தள்ளியிருந்ததாம். அன்றோடு சோறு வைப்பதை நிறுத்திவிட்டாய். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'நீயும் வெளியிலிருந்து போனவள்தானே, உன்னை எப்போது துரத்தப்போகிறார்கள்?' என்று எழுதி அன்றைக்கே தபாலில் சேர்த்தேன். உண்மையில் நீ என்னை விட்டுப் போனதில்தான் என் கோபம். மைனா ஒரு சாக்கு.

அதன்பிறகு மூன்று வருடம் உன்னிடமிருந்து கடிதமே இல்லை. கிறிஸ்மஸ் கார்டுகூட வரவில்லை.

இரண்டாயிரம் பிறந்தபின் ஒரு டிசம்பரில் வந்தாய். என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, தட்டில் மிஞ்சிய சோற்றை நீயே காம்பவுண்டு சுவரில் வைத்தாய். ரெண்டு மைனா இறங்கின.

"இது அதுங்க வீடு. இங்க சாப்பிடட்டும்."

ஊருக்கு வெளியே ஒசகோட்டை ரோட்டில் பார்த்த தைலமரத் தோப்பைப் பற்றியும் சொன்னாய். அங்கே கிளி குடியிருக்கிற மரம், இங்கே அதன் அடியில் புல்லுகூடச் சரியாக முளைக்கவில்லை என்றாய். மரத்தைக் குறை சொல்லவில்லை, யோசிக்காமல் கொண்டுவந்து நட்டவர்களைத்தான் சொன்னாய்.

ஆட்டோ வந்து நின்றது. இப்போது விட்டால் முடியாது என்று, "நான் உனக்கு எழுதினேனே..." என்று ஆரம்பித்தேன். நீ முடிக்க விடவில்லை.

"அந்தக் கடுதாசி எனக்கு வரவே இல்லடி" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாய்.

போன வருடம் உன் மகள் போன் செய்து, நீ இல்லை என்றாள். மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தவளுக்கு இனி ஆள் கிடையாது. காலையில் சுவரில் ஒரு பிடி சோறு வைக்கிறேன், மைனாக்கள் வந்து சண்டை போட்டுச் சாப்பிடுகின்றன. நீ சொன்ன அந்த ஒரு பொய் மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எந்தக் கடிதம் என்று நான் அன்றைக்குச் சொல்லவே இல்லை.